கொடிவேரியில் கயாக் விடலாமா?

“அண்ணா, வணக்கம்ங்க. எனக்குக் கோபி பக்கம். மாமா பையன் அமெரிக்காவில் அயோவா மாகாணத்தில் வேலையில் இருக்கிறான். அங்கே மான்செஸ்டர் என்ற சின்ன ஊருக்குக் கார் எடுத்துக்கொண்டு போய், ஊர் நடுவே ஓடும் ஆற்றில் கயாக் (துடுப்புப் போட்டு ஓட்டும் சின்னப் படகு) ஓட்டி வீடியோ அனுப்பினான். பார்த்தால் நம்ம கொடிவேரி மாதிரியே இருக்கிறது. நாங்கள் நாலு பேர் சேர்ந்து காற்றடிக்கும் கயாக் இரண்டு வாங்கிவிட்டோம். நாலு பேருக்கும் கிணற்றில் நீச்சல் நன்றாகப் பழக்கம். கொடிவேரித் தடுப்பணையில் இறக்கலாமா? கூடாதென்றால் காரில் போய்வரும் தூரத்தில் வேறு எங்கே?”

கொடிவேரியில் கூடாது, தம்பி. காரில் போவதென்றால் கோடஞ்சேரி. கேரளாவில், கோழிக்கோடு மாவட்டம். ஆனால் கூடாது என்பதற்குக் காரணத்தைச் சொல்லிவிட்டுத்தான் வண்டியைக் கிளப்பச் சொல்வேன். ‘கொடிவேரி மாதிரியே’ என்று எழுதியிருக்கிறீர்களே, அதைப் படித்ததும் எனக்குத் திக்கென்றது.

மான்செஸ்டரில் மக்கோகெட்டா ஆற்றின் குறுக்கே முன்பு ஒரு தடுப்பணை இருந்தது. அதை எடுத்துவிட்டுத்தான் 2015இல் கயாக் பூங்காவைத் திறந்தார்கள். சுமார் 800 அடி நீளத்துக்குள் ஆறு படிகள், ஒவ்வொன்றும் ஒன்றரை அடி இறக்கம். அதே மாகாணத்தில் சார்லஸ் சிட்டி என்ற ஊரிலும் 2011இல் இதே மாதிரி செய்தார்கள். உங்கள் மாமா பையன் அணையின் மேல் ஓட்டவில்லை, அணை இருந்த இடத்தில் ஓட்டினான். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் உயிர் சம்பந்தப்பட்டது.

தடுப்பணையின் விளிம்பு மட்டம் பார்த்துக் கட்டியது. தண்ணீர் இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைவரை ஒரே சீராக விழும். விழுந்த தண்ணீர் நேரே அடிக்குப் போய், தரையோடு ஓடி, கொஞ்சம் தள்ளி மேலே பொங்கும். பொங்கியதில் ஒரு பங்கு ஆற்றோடு போய்விடும். இன்னொரு பங்கு மேற்பரப்பிலேயே அணையை நோக்கித் திரும்பி வரும். மிதக்கிற எதையும் அதுதான் இழுத்துவந்து, விழுகிற தண்ணீருக்கு அடியில் மறுபடி கொடுக்கும்.

தண்ணீர் கூடுதலாகப் போகும் ஒரு நாளில், வேலிக்கு இந்தப் பக்கம் நின்று, ஏதாவது ஒரு தடுப்பணைக்கு அடியில் நுரையைப் பாருங்கள். தேங்காய் மட்டை ஒன்று சிக்கியிருக்கும். அணைப்பக்கம் நகரும், விழும் தண்ணீர் அதன் தலையில் தட்டும், உள்ளே போகும், நாலைந்து அடி தள்ளி எழும், மறுபடி அணைப்பக்கமே நகரும். நான் ஒரு முறை டீ குடித்து முடிக்கும்வரை ஒரே மட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். டம்ளரைக் கொடுத்துவிட்டு வந்து பார்த்தாலும் அங்கேயேதான் சுற்றிக்கொண்டிருந்தது. லைஃப் ஜாக்கெட் போட்ட ஆளும் அந்த இடத்தில் மட்டைதான். போதாததற்கு நுரையில் காற்று கலந்திருப்பதால் உடம்பு வழக்கம்போல் மிதக்காது, துடுப்பும் பிடிமானம் இல்லாமல் போகும். கரைக்குக் கரை ஒரே மாதிரி விழுவதால் பக்கவாட்டில் நழுவவும் வழியில்லை.

பூங்கா கட்டுகிறவர்கள் செய்வது இதற்கு நேர்மாறு. ஒரே பெரிய வீழ்ச்சியைச் சின்னச் சின்னப் படிகளாக உடைப்பார்கள். ஒவ்வொரு படியிலும் பாறையை இரண்டு பக்கமும் உயர்த்தி வைத்து, தண்ணீரை நடுவில் நாக்குப் போல ஒன்றுசேர்த்து வெளியே தள்ளுவார்கள். நாக்குக்கு இரண்டு பக்கமும் அமைதியான எதிரோட்டம் இருக்கும். கவிழ்ந்த ஆளை நாக்கு கீழே தள்ளிவிடும், எதிரோட்டம் ஓரத்துக்குக் கொண்டுவரும். வெளியே போக வழி வைத்துக் கட்டுவதுதான் அங்கே வேலையே. கொடிவேரி கி.பி. 1125இல் கொங்காள்வான் கட்டியதாகச் சொல்லப்படுகிற அணை. தடப்பள்ளி, அரக்கன்கோட்டை வாய்க்கால்களுக்குத் தண்ணீரைத் திருப்பிவிடுவது அதன் வேலை, அதை இன்றைக்கும் செய்துகொண்டிருக்கிறது. குளிக்க அனுமதிக்கிற நாளில் கம்பியைப் பிடித்துக்கொண்டு குளியுங்கள், வறுத்த மீன் சாப்பிடுங்கள், அதோடு சரி.

கீழ்பவானி வாய்க்காலும் வேண்டாம். முழு அளவு திறந்தால் நொடிக்கு 2,300 கனஅடி. ஒரு கனஅடித் தண்ணீர் 28 கிலோ. கணக்குப் போட்டால் நொடிக்கு 65 டன், லோடு ஏற்றிய லாரி இரண்டுக்கு மேல். சரிவான கரையில் ஏறி வருவது லேசில்லை, வழியில் பாலமும் மதகும் வேறு. மோயாறு புலிகள் காப்பகத்துக்குள் ஓடுகிறது. அங்கேயும் பவானிசாகர் நீர்த்தேக்கத்திலும் முதலை உண்டு. இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை என்று நினைக்கிறேன்.

கிணற்று நீச்சல் பற்றி. நானும் முதுகில் சுரைக்குடுக்கை கட்டித் தோட்டத்துக் கிணற்றில் பழகியவன்தான். கிணற்றுத் தண்ணீர் நம்மைத் தள்ளாது, நாலு கை போட்டால் படிக்கட்டு வந்துவிடும். ஓடுகிற தண்ணீரின் வேகம் இரண்டு மடங்கானால் அது நம்மைத் தள்ளும் விசை நாலு மடங்காகும். அதனால் ஆற்றில் கவிழ்ந்தால் முதல் வேலை நீந்துவது அல்ல. மல்லாந்து படுத்து, காலை ஓட்டம் போகும் திசைக்கு நீட்டி, பாதத்தைத் தண்ணீர் மட்டத்துக்குத் தூக்கிக்கொள்ள வேண்டும். பாறை வந்தால் கால் வாங்கிக்கொள்ளும், தலை தப்பிக்கும். அமைதியான இடம் கண்ணில் பட்டதும் குப்புறப் புரண்டு அதை நோக்கி வேகமாகக் கை போடுங்கள். இடுப்பளவுத் தண்ணீர்தானே என்று நடு ஓட்டத்தில் எழுந்து நிற்கக் கூடாது. பாதம் இரண்டு கல்லுக்கு நடுவே மாட்டினால், ஓட்டம் உடம்பை முன்னால் மடக்கித் தலையைத் தண்ணீருக்குள் அமுக்கிவிடும். இடுப்பில் கயிறு கட்டிக் கரையிலிருந்து ஒருத்தர் பிடித்துக்கொள்வது இன்னும் மோசம். பாதுகாப்பு என்று நினைத்துத்தான் கட்டுவார்கள். கயிறு இறுகினால் ஓட்டம் ஆளை மேலே தூக்காது, உள்ளேதான் அமுக்கும்.

சரி, கோடஞ்சேரி. அங்கே சாலிப்புழை, இருவஞ்சிப்புழை என்று இரண்டு மலையாறுகள், இரண்டும் சாலியாற்றுக்குப் போகிற தண்ணீர். 2013 முதல் மலபார் ரிவர் ஃபெஸ்டிவல் என்ற பெயரில் கயாக் போட்டிகள் நடக்கிற இடம் இது. புலிக்கயம், இலந்துகடவு என்ற பெயர்கள் அடிக்கடி காதில் விழும். கட்டிய பூங்கா இல்லை, பாறைகளே அந்த வேலையைச் செய்கின்றன. பருவம் தென்மேற்கு மழை. ஜூலை, ஆகஸ்டில் நல்ல ஓட்டம். போட்டி நடக்கிற வாரத்தில் வேடிக்கை பார்க்கப் போங்கள், கற்றுக்கொள்ள வேறு வாரம் வைத்துக்கொள்ளுங்கள். ஆற்றின் கடுமையை ஒன்று முதல் ஆறு வரை வகை பிரித்திருக்கிறார்கள். புதிதாக வருகிறவர்களுக்கு ஒன்று, இரண்டு போதும். ‘இன்றைக்கு இந்தப் பகுதி எந்த வகை?’ என்று கேளுங்கள், தண்ணீர் கூடினால் அதே இடம் வகை மாறும்.

கோபியிலிருந்து ஏறக்குறைய 270 கிலோமீட்டர், மழையில் ஏழெட்டு மணி நேரம். சத்தி, அன்னூர், கோவை, வாளையார், பாலக்காடு. அங்கிருந்து மண்ணார்க்காடு, பெரிந்தல்மண்ணை, மஞ்சேரி, அரீக்கோடு, முக்கம், திருவம்பாடி. ஊட்டி, கூடலூர், நாடுகாணி, நிலம்பூர் என்று ஒரு வழி உண்டு, கண்ணுக்கு அழகுதான். ஆனால் ஆடி மழையில் மண்சரிவு பயம், நீலகிரிக்கு 2024 மே முதல் இ-பாஸ் வேறு. நான் பாலக்காட்டு வழியைத்தான் சொல்வேன். ராத்திரியோடு ராத்திரியாக ஓட்டிப் போய் விடிந்ததும் ஆற்றில் இறங்குகிற திட்டம் மட்டும் வேண்டாம். முதல் நாள் சாயங்காலமே சேர்ந்து தூங்குங்கள். தூக்கக் கலக்கத்தில் கை பதறும்.

சொல்லிக்கொடுப்பவர்களிடம் பணம் கட்டும் முன் மூன்று கேள்வி கேளுங்கள். ஒருத்தர் எத்தனை பேரைப் பார்த்துக்கொள்கிறார்? கீழ்ப்பக்கம் எறிகயிற்றுப் பையோடு (கவிழ்ந்தவரிடம் வீசும் கயிறு வைத்த பை) யார் நிற்பார்கள்? மேலே மலையில் மழை பிடித்தால் எப்போது நிறுத்துவீர்கள்? மூன்றாவது கேள்விக்குச் சிரித்து மழுப்பினால் வந்த வழியே திரும்பிவிடுங்கள். இங்கே வெயில் அடித்தாலும் மேலே பெய்தது சட்டென்று வந்து சேரும். தெளிந்த தண்ணீர் கலங்கி, இலையும் சுள்ளியுமாக வர ஆரம்பித்தால் யாரையும் கேட்காமல் கரையேறுங்கள்.

ஹெல்மெட்டும் லைஃப் ஜாக்கெட்டும் அங்கேயே கொடுப்பார்கள். ஜாக்கெட் உள்பக்கம் 50 நியூட்டனாவது போட்டிருக்கிறதா என்று பாருங்கள், ஏறக்குறைய ஐந்து கிலோ எடைக்குச் சமமான விசையோடு நம்மை மேலே தள்ளும் என்று அர்த்தம். போட்டு இறுக்கிய பிறகு நண்பரை விட்டுத் தோள்பட்டையைப் பிடித்து மேலே தூக்கச் சொல்லுங்கள். காது வரை ஏறினால் பெரிய சைஸ். காலுக்குப் பழைய கேன்வாஸ் ஷூ போதும், ரப்பர் செருப்பு முதல் நிமிடத்திலேயே ஆற்றோடு போய்விடும்.

அப்புறம் நீங்கள் வாங்கிய காற்றடிக்கும் கயாக். கடையில் அதிகம் விற்பது குளத்துக்கான ரகம். அகலமான அடி, பாறையில் உரசினால் கிழியும், உள்ளே வந்த தண்ணீர் தானாக வெளியேறாது. கோடஞ்சேரிக்குத் தூக்கிக்கொண்டு போகாதீர்கள். விற்கவும் வேண்டாம். தெரிந்தவர் தோட்டத்தில் கரை சரிவான பண்ணைக்குட்டை இருந்தால், பிளாஸ்டிக் தாள் விரித்ததாக இல்லாமல் பார்த்து (அந்தத் தாள் வழுக்கும், ஏறி வர முடியாது), இடுப்பளவுத் தண்ணீரில் இறக்குங்கள். முதல் நாள் ஓட்டவே ஓட்டாதீர்கள். ஜாக்கெட் போட்டுக்கொண்டு வேண்டுமென்றே கவிழுங்கள், துடுப்பை விடாமல் வெளியே வாருங்கள், மறுபடி ஏறுங்கள். ஆளுக்கு இருபது தடவை.