‘அமைதியான பையன்’ என்று டீச்சர் சொன்னால்: இங்கிலாந்துப் பள்ளியும் எஸ்.டி.க்யூ. படிவமும்

கேள்வி இது: சேலத்திலிருந்து நர்ஸ் வேலைக்கு லெஸ்டர் வந்து மூன்று மாதம். மகன் ரிசப்ஷனில் (4-5 வயதுப் பிள்ளைகளுக்கான பள்ளியின் முதல் வகுப்பு) படிக்கிறான். “ரொம்ப அமைதி, ஒரு தொந்தரவும் இல்லை” என்கிறார் டீச்சர். இருந்தும் எஸ்.டி.க்யூ. (பிள்ளையின் பலங்களையும் சிரமங்களையும் கேட்கும் கேள்வித்தாள்) என்று ஒரு படிவத்தைக் கொடுத்து நிரப்பித் தரச் சொல்லியிருக்கிறார்கள். இன வேறுபாடு பிள்ளைகள் மனதைப் பாதிக்குமா? படிவத்தில் உள்ளதைச் சொன்னால் பையன் மேல் முத்திரை விழுமா, விசாவில் சிக்கல் வருமா?

சகோதரி, படிவத்தைப் பார்த்துப் பயப்படாதீர்கள். டீச்சர் சொன்ன அந்த ‘அமைதி’யைத்தான் கொஞ்சம் சந்தேகத்தோடு பார்க்கச் சொல்வேன்.

2017-ல் இங்கிலாந்தில் 5 முதல் 19 வயது வரையுள்ளவர்களிடம் என்.எச்.எஸ். (அரசு மருத்துவ சேவை) எடுத்த கணக்கில், மனநலக் கோளாறு உள்ளவர்கள் வெள்ளை பிரிட்டிஷ் பிள்ளைகளில் 14.9 சதவீதம், ஆசியப் பிள்ளைகளில் 5.2 சதவீதம். நம் சங்கக் கூட்டங்களில் இதைப் பெருமையாகச் சொல்வார்கள். ஆனால் இந்திய வம்சாவளிப் பிள்ளைகளைத் தனியாக எடுத்துப் பார்த்த ஆய்வுகளில், சண்டை, அடம், அடங்காத துறுதுறுப்பு இவைதான் குறைவாக இருந்தன. பயம், கவலை, சோகம் என்று வரும்போது மற்ற பிள்ளைகளோடு பெரிய வித்தியாசம் இல்லை. ‘ஆசியர்’ என்ற ஒரே தலைப்புக்குள்ளும் எல்லோரும் ஒன்றில்லை. 2000-02-ல் பிறந்த சுமார் 19,000 பிள்ளைகளைத் தொடரும் மில்லெனியம் கோஹார்ட் ஆய்வில், பாகிஸ்தான், வங்கதேசக் குடும்பத்துச் சிறுபிள்ளைகளின் சிரம மதிப்பெண் (எஸ்.டி.க்யூ.வில் வரும் மொத்தம்) கூடுதல். குடும்ப வருமானத்தைக் கணக்கில் எடுத்தால் அந்த இடைவெளி பெருமளவு சுருங்குகிறது. அம்மா இனவெறிப் பேச்சுக்கு ஆளான வீடுகளில் பிள்ளைக்கும் சிரமம் கூடுதலாக இருந்ததையும் அதே ஆய்வின் தரவுகள் காட்டின. வார்டில் உங்களிடம் யாராவது அப்படிப் பேசினால், ‘நமக்கென்ன’ என்று விடாமல் மேலாளரிடம் எழுத்தில் கொடுங்கள்.

பள்ளியின் கண்ணும் எல்லோரையும் ஒரே மாதிரி பார்ப்பதில்லை. கரீபியக் கறுப்பினப் பிள்ளைகளை ‘நடத்தை, உணர்வுப் பிரச்சினை’ என்ற பட்டியலில் அதிகமாகச் சேர்க்கிறார்கள். ஆசியப் பிள்ளைகளைக் குறைவாகச் சேர்க்கிறார்கள். சத்தம் போடும் பிள்ளைக்கு முத்திரை, சத்தமில்லாத பிள்ளைக்கு ‘குட் பாய்’. இரண்டுமே அநியாயம்தான்.

இனி படிவம். 25 வாக்கியங்கள், ஒவ்வொன்றுக்கும் ‘உண்மையில்லை’, ‘ஓரளவு உண்மை’, ‘நிச்சயமாக உண்மை’ என்று மூன்று கட்டங்கள். உணர்வு, நடத்தை, துறுதுறுப்பு, சகபிள்ளைகளோடு உறவு ஆகிய நான்கு பிரிவுக்கும் தலா அதிகபட்சம் 10 மதிப்பெண், மொத்தம் 40. பிறருக்கு உதவும் குணம் ஐந்தாவது பிரிவு, மொத்தத்தில் சேராது. பெற்றோர் படிவத்தில் 13 வரை சாதாரணம், 14 முதல் 16 எல்லைக்கோடு, 17-ம் அதற்கு மேலும் வந்தால் அதிகம்.

தவறு நடப்பது மொத்தத்தை மட்டும் பார்க்கும்போதுதான். உணர்வில் 6, உறவில் 4, துறுதுறுப்பில் 2, நடத்தையில் 0 என்று வைத்துக்கொள்ளுங்கள். கூட்டினால் 12, ‘சாதாரணம்’. ஆனால் உணர்வில் 5-ம் உறவில் 4-ம் வந்தாலே அந்தப் பிரிவில் அதிகம் என்று பொருள். அதனால் ‘ஐந்து பிரிவின் மதிப்பெண்ணையும் தனித்தனியாகக் கொடுங்கள்’ என்று கேளுங்கள்; டீச்சர் நிரப்பும் படிவமும் உண்டு, அதையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

நம்மவர்கள் சறுக்கும் இடங்கள் சில. ‘பிள்ளைகளைவிடப் பெரியவர்களோடு நன்றாகப் பழகுவான்’ என்ற வரியை நாம் பாராட்டாக எடுத்து டிக் போடுவோம். படிவம் அதைச் சிரமமாக எண்ணும். டிக் உண்மையாக இருந்தால் இருக்கட்டும், ஆனால் ‘வீட்டில் பெரியவர்கள் மட்டும்தான்’ என்று ஓரத்தில் எழுதிவிடுங்கள். ‘அடிக்கடி தலைவலி, வயிற்றுவலி’ வரியை ‘சாப்பாடு ஒத்துக்கலை’ என்று தள்ளிவிடாதீர்கள். வலி திங்கள் காலையில் வந்து சனிக்கிழமை காணாமல் போகிறதா என்று பாருங்கள். படிவம் கேட்பது கடந்த ஆறு மாதம். உங்களுக்கு அதில் பாதி சேலம், பாதி லெஸ்டர். எந்த மாற்றம் இங்கே வந்த பிறகு என்று குறித்துக் கொடுங்கள். தமிழிலும் இந்தப் படிவம் இருக்கிறது, கேட்டு வாங்குங்கள்.

புதிய மொழிக்குள் விழுந்த பிள்ளை சில மாதம் வாய் திறக்காமல் கேட்டுக்கொண்டே இருப்பது இயல்பு. அந்த நாட்களில் கையைக் காட்டுவான், விளையாட்டில் சேர்வான், சிரிப்பான். உடம்பே விறைத்து நின்றால், டாய்லெட் போகக்கூடக் கேட்காமல் அடக்கினால், இன்னொரு தமிழ்ப் பிள்ளையிடமும் பேசாவிட்டால் அது வேறு. ‘வீட்டில் இங்கிலீஷே பேசுங்கள்’ என்று யார் சொன்னாலும் தமிழை நிறுத்தாதீர்கள். பையனுக்குப் பயத்தைச் சொல்லத் தெரிந்த மொழி இப்போது அது ஒன்றுதான்.

அடுத்து, வகுப்பு டீச்சருக்கு நான்கு வரி ஈமெயில் அனுப்புங்கள்: இடைவேளையில் யாரோடு இருக்கிறான், மதியம் சாப்பிடுகிறானா, நிறத்தையோ டிபன் பாக்ஸையோ சொல்லி யாராவது கேலி செய்கிறார்களா. அப்படி நடந்திருந்தால் ‘இனவெறிச் சம்பவம் என்று பதிவு செய்யுங்கள்’ என்று அந்த வார்த்தையிலேயே எழுதுங்கள். நேரில் சொன்னது காற்றோடு போய்விடும். இரண்டு வாரத்தில் அசைவில்லை என்றால் பள்ளியின் சென்கோவிடம் (சிறப்பு உதவி தேவைப்படும் பிள்ளைகளைக் கவனிக்கும் ஆசிரியர்) போங்கள். வயிற்றுவலி, தூக்கமின்மை தொடர்ந்தால் கூடவே ஜி.பி.யிடமும் (உங்கள் குடும்ப டாக்டர்) காட்டுங்கள். ‘வயிற்றுவலி’ என்று மட்டும் சொல்லாமல், எத்தனை நாள், எந்த நேரம் என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டு போனால் டாக்டரோடு கிடைக்கும் பத்து நிமிடம் வீணாகாது. இலவச மொழிபெயர்ப்பாளரை முன்பே கேளுங்கள், உங்களோடு வரும் மாமியாருக்கோ கணவருக்கோ தேவைப்படலாம்.

எஸ்.டி.க்யூ. நோய்ச் சான்றிதழ் இல்லை; எங்கே உதவி தேவை என்று பார்க்கும் சல்லடை, அவ்வளவுதான். விசாவில் ‘பொது நிதி கிடையாது’ (அரசு உதவித்தொகைகளைப் பெற முடியாது) என்று இருந்தாலும் அரசுப் பள்ளியும் என்.எச்.எஸ்.ஸும் அந்தப் பட்டியலில் வராது. நர்ஸ் வேலைக்கான ஹெல்த் அண்ட் கேர் விசாவில் வந்த குடும்பத்துக்கு ஹெல்த் சர்சார்ஜ் (விசாவோடு கட்டும் மருத்துவக் கட்டணம்) கூடக் கிடையாது; என்.எச்.எஸ்.ஸில் பிள்ளைகளின் மனநலச் சேவையும் அடக்கம், தனியாக பில் வராது.