கிணற்றில் சிப்பி கிடைத்த நிலத்தில் தேக்கு வைக்கலாமா?

கேள்வி: நெல்லை மாவட்டம் ராதாபுரம் பக்கம் எனக்கு ஐந்து ஏக்கர். மேலே செம்மணல், கீழே சுக்கான் (சுண்ணாம்புக் கட்டி). இரண்டு ஏக்கரில் மலைவேம்பு வைத்து 14 மாதம் ஆகிறது. கொழுந்து இலையெல்லாம் மஞ்சளாக வெளுக்கிறது. உரக்கடையில் ஜிப்சம் போடச் சொன்னார்கள், போட்டும் மாற்றமில்லை. கிணற்றை ஆழப்படுத்தியபோது 25 அடியில் சிப்பி சிப்பியாக வந்தது. "ஒரு காலத்துல இங்க கடல் இருந்துச்சுப்பா" என்கிறாள் கல்லூரியில் படிக்கும் மகள். அந்தக் கடல் உப்புதான் மரத்தைக் கெடுக்கிறதா? மீதி மூன்று ஏக்கரில் தேக்கு வைக்கலாமா?

பதில்: அண்ணாச்சி, மகள் சொன்னது சரி. உங்கள் கணக்கில்தான் ஒரு சிறு பிசகு. அந்தப் பழைய கடலின் உப்பு இப்போது அங்கே இருக்காது. எத்தனையோ ஆயிரம் ஐப்பசி மழை அதைக் கரைத்துக் கொண்டுபோயிருக்கும். தங்கிப்போனது சுண்ணாம்பு. உங்கள் மலைவேம்பைப் பாடாய்ப் படுத்துவது அதுதான் என்று நினைக்கிறேன்.

சிப்பியும் சங்கும், கண்ணுக்கே தெரியாத பொடி உயிர்களும் கடல் தண்ணீரில் இருக்கும் சுண்ணாம்பை எடுத்துத்தான் ஓடு கட்டிக்கொள்கின்றன. ஆழமில்லாத கடலில் அந்த ஓடுகள் அடுக்கடுக்காய் விழுந்து இறுகிப் பாறையாகும். உங்கள் வட்டாரத்துச் சுண்ணாம்புப் பாறை அப்படி வந்தது. 2021 கார்த்திகை மழையில் ஆயன்குளம் கிணறு வெள்ளத்தை நாள்கணக்கில் குடித்தும் நிரம்பாமல் நின்றதே, நீங்களே போய்ப் பார்த்திருப்பீர்கள். சென்னை ஐஐடிக்காரர்கள் வந்து ஆராய்ந்துவிட்டு, மழைத்தண்ணீர் சுண்ணாம்புப் பாறையைக் கரைத்துக் குகைபோல வழி உண்டாக்கியிருக்கிறது என்றார்கள்.

பழைய கடலைப் பற்றி இதெல்லாம் எப்படித் தெரியும் என்று மகளிடம் கேட்டால் ஃபோரமினிஃபெரா என்பாள். ஊசிமுனை அளவு ஓட்டுயிர். கடலடிச் சேற்றைக் குழாய் இறக்கி நீளமாக எடுத்து, அடுக்கு அடுக்காக இந்த ஓடுகளைப் பொறுக்குகிறார்கள். ஆக்சிஜனில் எடை குறைந்தது, கூடியது என்று வகை உண்டு. எடை குறைந்தது உள்ள தண்ணீர் சுலபமாக ஆவியாகும். பனியுகத்தில் அது திரும்பக் கடலுக்கு வராமல் வடக்கே பனிமலையாக உறைந்துவிட, கடலில் எடை கூடியதன் பங்கு ஏறும். அந்தக் கணக்கு அப்படியே ஓட்டில் பதிந்திருக்கும். சுமார் 20,000 வருஷத்துக்கு முன் கடல் மட்டம் இப்போதைவிட 120 மீட்டர் அளவுக்குக் கீழே இருந்தது. இலங்கைக்கு நடந்தே போகலாம். உங்கள் பக்கத்துச் செம்மணல் மேடுகளான இட்டமொழித் தேரி, குதிரைமொழித் தேரியெல்லாம் காற்று வாரிக் குவித்த மணல். அந்தத் தேரிகளில் பழைய மனிதர்களின் சின்னஞ்சிறு கல் ஆயுதங்கள் கிடைத்ததைப் பற்றி 1956-லேயே ஸொய்னர், ஆல்சின் என்ற தொல்லியல் ஆய்வாளர்கள் எழுதியிருக்கிறார்கள்.

சரி, தோட்டத்துக்கு வருவோம். சுக்கானும் சிப்பிப் பாறையும் ஒன்றல்ல. மழைத்தண்ணீர் சுண்ணாம்பைக் கரைத்துக்கொண்டு கீழே இறங்கும். மழை போதாத சீமையில் அது ஆழம் போகாமல் இரண்டு மூன்று அடியிலேயே காய்ந்துவிடும். தண்ணீர் போய்விடும், சுண்ணாம்பு கட்டியாக நின்றுவிடும். அதுதான் சுக்கான். ஆக, உங்கள் மண்ணில் சுக்கான் எத்தனை அடியில் இருக்கிறதோ, பழைய காலத்து மழை பெரும்பாலும் அவ்வளவு தூரம்தான் இறங்கியிருக்கிறது.

இந்தச் சுண்ணாம்பு மண்ணில் இரும்புச் சத்து இருந்தும் வேருக்குக் கிடைக்காது. செம்மணலின் நிறமே இரும்பால் வந்தது, அதில் நிற்கும் மரத்துக்கு இரும்புப் பஞ்சம் என்றால் சிரிப்பாகத்தான் இருக்கும். இலையைப் பாருங்கள். நுனிக் கொழுந்து மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக வலைபோலத் தெரிந்தால் இரும்பு. அடி இலை முதலில் வெளுத்தால் தழைச்சத்து. அடி இலையின் ஓரம் தீய்ந்தாற்போல் கருகினால் அப்போது உப்பைச் சந்தேகப்படலாம். கடல் பக்கம் என்பதால் சித்திரையில் ஒருமுறை கிணற்றுத் தண்ணீரைச் சோதனைக்குக் கொடுத்துவிடுங்கள். உப்பு இருந்தாலும் அது இன்றைய கடலிலிருந்து வந்ததாக இருக்கலாம். ஜிப்சம் களர் மண்ணுக்கு (சோடியம் மிகுந்த மண்) மருந்து. அதிலும் இருப்பது சுண்ணாம்புச் சத்துதான். சுண்ணாம்பு மண்ணுக்கு அதைப் போடுவது மழையில் நனைந்தவன் தலையில் குடம் கவிழ்ப்பதுபோல. இனி வேண்டாம்.

முதலில் நாலே நாலு மரத்தில் பரீட்சை செய்யுங்கள். பத்து லிட்டர் மழைத்தண்ணீரில் 10 கிராம் சிட்ரிக் ஆசிட் (கடையில் எலுமிச்சை உப்பு என்பார்கள்) கரைத்து, அப்புறம் 50 கிராம் அன்னபேதி உப்பை (இரும்பு சல்ஃபேட்) போடுங்கள். இலையில் பிடிப்பதற்குக் கொஞ்சம் ஒட்டும் திரவம். கலவை இளம்பச்சையாகத் தெளிந்து இருக்க வேண்டும். செம்பழுப்பாகக் கலங்கிவிட்டால் கொட்டிவிடுங்கள், அதில் பலனில்லை. கிணற்றுத் தண்ணீரில் கலந்தால் சீக்கிரமே அப்படித்தான் ஆகும். சாயங்காலம் தெளியுங்கள். பத்து நாளில் திவலை விழுந்த இடம் மட்டும் பச்சைப் புள்ளியாகத் திரும்பினால் நோய் இதுதான். அதன்பின் முழுத் தோட்டத்துக்கும் 15 நாளுக்கு ஒருமுறை, மூன்று முறை தெளிக்கலாம். அன்னபேதியை வெறுமனே மண்ணில் போட்டால் சுண்ணாம்பு விழுங்கிவிடும். நன்கு மக்கிய தொழுவுரத்தோடு கலந்து வைத்தால் ஓரளவு நிற்கும். செலேட் இரும்பு (சுண்ணாம்பு பிடித்துக்கொள்ளாதபடி பொதிந்த இரும்பு) வாங்குவதானால் பாக்கெட்டில் ஈ.டி.டி.எச்.ஏ. (EDDHA) என்று இருக்கிறதா பாருங்கள். விலை கூடத்தான், ஆனால் மலிவாகக் கிடைக்கும் ஈ.டி.டி.ஏ. (EDTA) உங்கள் மண்ணில் நிற்காது. சொட்டுநீர்க் குழாயின் துளைகளில் வெள்ளைப் பொருக்கு அடைத்திருக்குமே, அதையும் பாருங்கள். தண்ணீர் வராத மரத்துக்கு எந்த மருந்தும் ஏறாது.

தேக்குக்கு வருகிறேன். தேக்குக்குச் சுண்ணாம்புச் சத்து பிடிக்கும். பிடிக்காதது வழிமறிக்கும் பாறை. உங்கள் மண் போன்ற ஒரு தோட்டத்தில் ஏழு வயது தேக்கு ஒன்றை வேரோடு தோண்டிப் பார்த்தேன். ஆணிவேர் இரண்டரை அடி நேராக இறங்கி, சுக்கானில் முட்டி, 'ட' எழுத்துப் போல மடங்கிக் கிடந்தது. மரமோ என் கைப்பருமன்கூட இல்லை.

மழையும் இருக்கிறது. தேக்கு மரத்தில் வருஷத்துக்கு ஒரு வளையம். கேரளத் தேக்கு மரங்களின் வளையங்களை எண்ணி 1481 முதல் 2003 வரை 523 வருஷக் கணக்கைப் புனே வானிலை ஆய்வு நிறுவனத்தார் 2010-ல் வெளியிட்டார்கள். எல் நினோ (பசிபிக் கடல் சூடேறுவது) வந்து மழை பொய்த்த வருஷங்களில் வளையம் மெலிந்திருந்தது. மலைக்கு அந்தப் பக்கம், மழை கொட்டும் இடத்திலேயே அப்படி! நல்ல தேக்குக்கு 1,200 மில்லிமீட்டருக்கு மேல் மழை வேண்டும். ராதாபுரம் சீமையில் ஆயிரத்தைத் தொட்டாலே அதிசயம். கிணற்றை நம்பி இருபது வருஷம் பாய்ச்சுவேன் என்றால் அது உங்கள் விருப்பம். பதினைந்து வருஷத்தில் கோடி என்று விளம்பரம் செய்பவர்கள் உங்கள் நிலத்தில் கடப்பாரை போட்டுப் பார்த்ததில்லை.

புரட்டாசிக்கு முன் மூன்று ஏக்கரிலும் ஆறு இடத்தில் ஐந்தடிக் குழி எடுங்கள். ஐந்தடி வரை சுக்கான் தட்டாத இடம் இருந்தால் அங்கே மட்டும் வரப்போரமாக இருபது முப்பது தேக்கு வையுங்கள். தட்டுகிற இடத்தில் புளி, வேம்பு, வாகை, பெருநெல்லி. சுக்கானைக் கடப்பாரையால் உடைத்து, மூன்றடிக் குழியில் குளத்துக் கரம்பையும் தொழுவுரமும் நிரப்பி நட வேண்டும். இடையில் முருங்கை போட்டால் வீட்டுச் செலவுக்கு ஆகும். பனை ஏற்கெனவே நின்றால் தயவுசெய்து வெட்டாதீர்கள்.

எந்தக் குழியில் எத்தனை அடியில் சுக்கான் தட்டியது என்று குறித்து அனுப்புங்கள். கூடவே ஒரு கொழுந்து இலை, ஒரு அடி இலை, இரண்டையும் வெள்ளைத்தாளில் வைத்துப் படம் எடுத்து அனுப்பினால் போதும், மேற்கொண்டு சொல்கிறேன்.