வாசகர் கேள்வி – பதில்: ஜனாதிபதியும் உயர் நீதிமன்றமும்

கேள்வி: பதவியிலிருக்கும் ஜனாதிபதிக்கு எதிராக வழக்குத் தொடர முடியாது என்று படித்திருக்கிறேன். அப்படியானால், 2018 இல் அவர் பாராளுமன்றத்தைக் கலைத்தது செல்லாது என்று உயர் நீதிமன்றம் எவ்வாறு தீர்ப்பளித்தது? (வவுனியா வாசகர் ஒருவர்)

பதில்: நீங்கள் படித்தது பிழையன்று. இலங்கையின் 1978 ஆம் ஆண்டு அரசியலமைப்பின் 35 ஆவது உறுப்புரை ஜனாதிபதிக்கு விடுபாட்டுரிமை அளிக்கிறது. எனினும், 2015 இல் நிறைவேறிய 19 ஆவது திருத்தம், ஜனாதிபதி தமது உத்தியோகத் தகைமையில் செய்த ஒன்றால் தமது அடிப்படை உரிமை மீறப்பட்டதாகக் கருதுபவர், சட்டமா அதிபரை எதிர்மனுதாரராக்கி 126 ஆவது உறுப்புரையின் கீழ் உயர் நீதிமன்றத்தை நாடலாம் என்று ஒரு வழியைத் திறந்துவிட்டது. இரா. சம்பந்தன் முதல் மனுதாரராக இருந்த அந்த வழக்கில் எதிர்மனுதாரராக சட்டமா அதிபரின் பெயர் இருப்பது இதனால்தான். (தமிழகத்து வாசகர்களுக்கு ஒரு வார்த்தை: அங்கே உச்ச நீதிமன்றம் எனப்படுவதே இங்கே உயர் நீதிமன்றம்.)

வழக்கின் சாரம் எளிமையானது. 2018 ஒக்டோபர் 26 அன்று ரணில் விக்ரமசிங்கவை நீக்கி மகிந்த ராஜபக்சவைப் பிரதமராக்கிய ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன, நவம்பர் 9 அன்று வர்த்தமானி மூலம் பாராளுமன்றத்தைக் கலைத்தார். அப்போதிருந்த 70 ஆவது உறுப்புரையின்படி, முதல் அமர்விலிருந்து நான்கரை ஆண்டுகள் கழியும் முன்னர் கலைப்பதாயின், மூன்றில் இரண்டு பங்கு உறுப்பினர்கள் தீர்மானம் நிறைவேற்றிக் கேட்டிருக்க வேண்டும். 2015 செப்டம்பர் 1 அன்று கூடிய அந்தப் பாராளுமன்றத்துக்கு அப்போது மூன்றேகால் ஆண்டுகூட நிறையவில்லை; தீர்மானமும் இல்லை. கலைக்கும் அதிகாரத்தைப் பொதுவாகக் கூறும் 33 ஆவது உறுப்புரையே போதும் என்ற அரச தரப்பு வாதத்தை, ஏழு நீதியரசர்களும் டிசம்பர் 13 அன்று ஒருமனதாக நிராகரித்தனர். பொதுவான சொல்லைக் கொண்டு குறிப்பான தடையைத் தாண்டலாமென்றால், அந்தத் தடையை எழுதியதற்கே பொருளில்லாமற் போயிருக்கும். மூன்று நாட்களில் விக்ரமசிங்க மீண்டும் பிரதமரானார்.

கேள்வி: அப்படியானால் நீதிமன்றத்தின் கையே ஓங்கியிருக்கிறது என்று கொள்ளலாமா?

பதில்: கொள்ள இயலாது என்பதே என் கருத்து. 225 உறுப்பினர்கள் கொண்ட சபையில் ஜனாதிபதியைப் பதவி நீக்க 150 வாக்குகள் வேண்டும். அந்தத் தீர்மானத்தை உயர் நீதிமன்றம் விசாரித்துக் குற்றச்சாட்டு நிரூபணமானதாக அறிக்கையிட்ட பின்னர், அதே 150 வாக்குகள் மீண்டும் வேண்டும். பிரதம நீதியரசரை நீக்கவோ 113 வாக்குகளே போதும். விசாரிப்பதும் அரசியல்வாதிகளைக் கொண்ட தெரிவுக்குழுவாக இருக்கலாம். 2013 இல் ஷிராணி பண்டாரநாயக்க நீக்கப்பட்டது இவ்வாறுதான். அத்தகைய தெரிவுக்குழுவுக்கு நீதிபதியொருவரைக் குற்றவாளியாகக் காணும் அதிகாரம் இல்லையென உயர் நீதிமன்றம் கூறியும், மேன்முறையீட்டு நீதிமன்றம் குழுவின் அறிக்கையை இரத்துச் செய்தும், ஜனவரி 11 அன்று 155 வாக்குகளால் பிரேரணை நிறைவேறியது. இரண்டு நாட்களில் ஜனாதிபதி அவரை நீக்கினார். தீர்ப்பு ஏட்டில் இருந்தது. நாற்காலியில் வேறொருவர் அமர்ந்தார்.

2015 இல் அந்த நீக்கம் செல்லாதென்று கருதப்பட்டு அவர் ஒரு நாள் மீண்டும் பதவி வகித்து ஓய்வுபெற்றதும், அடுத்து கனகசபாபதி ஸ்ரீபவன் பிரதம நீதியரசரானதும் பலருக்கு நிம்மதியளித்தன. எனக்கு அதில் ஒரு நெருடல் உண்டு. இடையில் அப்பதவியில் இருந்தவரை அகற்றப் பாராளுமன்றத்தில் எந்தப் பிரேரணையும் நிறைவேறவில்லை. அவரது நியமனமே தொடக்கத்திலிருந்து செல்லாதது என்று புதிய ஜனாதிபதியின் தரப்பு முடிவெடுத்தது. நல்ல நோக்கமென்றாலும், கை அதே கைதான்.

கேள்வி: ஜனாதிபதி வழங்கும் பொதுமன்னிப்பையும் நீதிமன்றம் ஆராயலாமா?

பதில்: ஆராயலாம், ஆராய்ந்தும் இருக்கிறது. கொலைக் குற்றத்துக்காக மரண தண்டனை பெற்றிருந்த முன்னாள் பாராளுமன்ற உறுப்பினர் துமிந்த சில்வாவுக்கு 2021 இல் கோட்டாபய ராஜபக்ச வழங்கிய மன்னிப்பை, 2024 ஜனவரியில் உயர் நீதிமன்றம் இரத்துச் செய்தது.