பானட்டில் எட்டுப் புள்ளி, பில்லில் பதினாறாயிரம்

கேள்வி: எனக்குத் திருச்சி. வேலை நிமித்தம் வாரந்தோறும் காரில் சென்னை போய்வருகிறேன். இரண்டேகால் ஆண்டுகளுக்கு முன் வாங்கிய வெள்ளி நிறக் கார். நெடுஞ்சாலையில் கல் தெறித்து பானட்டில் ஏழெட்டு இடங்களில் பெயிண்ட் பெயர்ந்திருந்தது. துருப்பிடிக்கும் முன் சரிசெய்யலாம் என்று சென்னையில் ஒரு பணிமனையில் விட்டேன். ஜாப் கார்டில் ‘பானட் டச்-அப், மதிப்பீடு ரூ.1,800’ என்று எழுதிக் கையெழுத்து வாங்கினார்கள். இரண்டு நாள் கழித்துப் போனால், என்னைக் கேட்காமலே பானட், முன்பம்பர் இரண்டுக்கும் முழுதாகப் பெயிண்ட் அடித்து ரூ.16,500 பில் கொடுத்தார்கள். அன்றிரவே ஊர் திரும்ப வேண்டியிருந்ததால் கட்டிவிட்டேன். நான்கு மாதத்தில் ஓரங்களில் கொப்புளம் வந்துவிட்டது. வெயிலில் பானட் ஒரு நிறம், பக்கத்து ஃபெண்டர் ஒரு நிறம். கேட்டால், ‘பெயிண்ட் வேலைக்கு உத்தரவாதம் இல்லை. மரத்தில் இடித்ததாக இன்சூரன்ஸுக்கு எழுதிக் கொடுங்கள், புதிதாக அடித்துத் தருகிறோம்’ என்கிறார்கள். சில புள்ளிகள் ஒன்பது மாதத்துக்கு முன் விக்கிரவாண்டி அருகே ஒரு ஜல்லி லாரியால் வந்தவை. யார் மீது வழக்குப் போடுவது? இவ்வளவு லேசாகப் பெயரும் பெயிண்டை அடித்த கார் கம்பெனி மீதும் போடலாமா?

பதில்: உங்கள் கடிதத்தில் லாரி, கார் கம்பெனி, இன்சூரன்ஸ், பணிமனை என்று நான்கு பேர் வருகிறார்கள். முதல் மூவரை விட்டுவிடுங்கள். நான்காமவரை விடாதீர்கள்.

லாரியை விடச் சொல்வதால் சட்டம் உங்களைக் கைவிட்டதாக நினைக்க வேண்டாம். மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயம் உயிருக்கும் உடலுக்கும் மட்டும்தான் என்று பலர் எண்ணுகிறார்கள். பிறர் சொத்துக்கு நேர்ந்த சேதத்தையும் அது விசாரிக்கும். தார்ப்பாய் போடாத வண்டியிலிருந்து ஜல்லி உதிர்ந்து உங்கள் கார் மீது விழுந்தால் அது லாரிக்காரரின் கவனக்குறைவு. சாலையில் ஏற்கெனவே கிடந்த கல் டயரில் பட்டுத் தெறித்தால் யாரைக் குறை சொல்வது? இந்த வேறுபாட்டைக் காட்ட முகப்புக் கேமராவின் பதிவு வேண்டும், லாரியின் முழுப் பதிவெண் வேண்டும். உங்களிடம் இரண்டும் இருப்பதாகக் கடிதம் சொல்லவில்லை. போதாததற்கு, 2022 ஏப்ரல் முதல் சட்டம் வைத்திருக்கும் கெடு ஆறு மாதம். உங்களுக்கு ஒன்பது மாதம் ஆகிவிட்டது.

கார் கம்பெனிக்கு வருவோம். உங்கள் உத்தரவாதக் கையேட்டைப் புரட்டுங்கள். கல் தெறிப்பு, பறவை எச்சம், மரப்பால் போன்ற வெளிக்காரணங்களால் பெயிண்ட் கெட்டால் பொறுப்பில்லை என்ற வரி பெரும்பாலும் அதில் இருக்கும். அந்த வரி நியாயமானதும்கூட. நூறு கிலோமீட்டர் வேகத்தில் வரும் பானட் மீது கல் மோதினால் எந்தப் பெயிண்டும் பெயரத்தான் செய்யும். கல்லே படாத கதவிலும் கூரையிலும் பெயிண்ட் ஏடு ஏடாக உரிந்தால் அது தயாரிப்புக் குறை. அப்போது எழுதுங்கள், வேறு பதில் தருகிறேன். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் ‘பொருள் பொறுப்பு’ (குறையுள்ள பொருளால் நேரும் தீங்குக்குத் தயாரித்தவர் பொறுப்பு) என்று ஓர் அத்தியாயம் இருக்கிறதே என்று யாராவது உங்களை உசுப்பிவிடலாம். அந்தச் சட்டத்தில் ‘தீங்கு’ என்ற சொல்லின் வரையறையிலிருந்து, விற்ற பொருளுக்கே நேரும் சேதம் விலக்கப்பட்டிருக்கிறது; காரின் பெயிண்ட் காரைச் சேர்ந்ததுதானே.

இன்சூரன்ஸ் பற்றிப் பணிமனை சொன்ன யோசனை எனக்குக் கோபத்தையே தருகிறது. மோதாத மரத்தில் மோதியதாக எழுதிக் கையெழுத்துப் போடப்போவது நீங்கள்; பணிமனை அல்ல. பொய்க் கோரிக்கை என்று சேதத்தை மதிப்பிட வரும் சர்வேயர் கண்டுபிடித்தால் கோரிக்கை நிராகரிக்கப்படும், பாலிசிக்கே ஆபத்து, ஏமாற்றுக் குற்றம் வரை போகலாம். உண்மையை எழுதினாலும் பெரிதாகத் தேறாது. வெவ்வேறு நாட்களில் பட்ட எட்டுக் கற்கள் ஒரே விபத்து ஆகா. 1500 சிசிக்கு உட்பட்ட காரென்றால் ஒவ்வொரு கோரிக்கையிலும் முதல் ஆயிரம் ரூபாய் உங்கள் பொறுப்பு. பெயிண்ட் பொருளின் விலையில் பாதியைத் தேய்மானம் என்று கழிப்பார்கள். இரண்டு ஆண்டு கோரிக்கையே இல்லாமல் ஓட்டியிருந்தால் பிரீமியத்தில் 25 சதவீதத் தள்ளுபடியில் இருப்பீர்கள், அடுத்த ஆண்டு அது 35 ஆகும். ஒரு கோரிக்கை வைத்தால் பூஜ்யத்துக்கு இறங்கிவிடும்.

இனிப் பணிமனை.

ஜாப் கார்டு வெறும் காகிதம் அல்ல, அதுதான் உங்கள் ஒப்பந்தம். அதில் இருப்பது டச்-அப்: பெயர்ந்த இடத்தைச் சுத்தம் செய்து, காரின் நிறக் குறியீட்டுக்கு உரிய பெயிண்டைப் புள்ளியில் மட்டும் வைத்து, மேலே கிளியர் கோட் எனும் நிறமற்ற மேற்பூச்சைப் பூசும் வேலை. அவர்கள் செய்தது வேறொரு வேலை. தொழிற்சாலையில் கதவு, பானட் எல்லாம் வெற்று இரும்பாக இருக்கும்போதே மின்பூச்சு, பிரைமர், நிறம், கிளியர் கோட் என்று அடுக்கி 140 பாகைக்குக் குறையாத சூட்டில் சுட்டெடுக்கிறார்கள். முழுக் காரையும் வைத்துக்கொண்டு பணிமனையில் அவ்வளவு சூடாக்க முடியாது. சுமார் 60 பாகைதான். எட்டுப் புள்ளிகளுக்காக உங்கள் பானட்டின் நல்ல மேற்பூச்சைத் தேய்த்து எடுத்துவிட்டு, அதைவிடத் தரம் குறைந்த ஒன்றைப் பூசியிருக்கிறார்கள். வெள்ளி நிறத்தில் அலுமினியத் துகள் இருப்பதால் பக்கத்து ஃபெண்டர் வரை நிறத்தை மெல்ல இழைத்துக் கொண்டுபோகாவிட்டால் வெயிலில் வேறுபாடு தெரியும். அந்தச் சிரமத்தையும் அவர்கள் எடுத்துக்கொள்ளவில்லை போலிருக்கிறது.

‘வேலை செய்திருக்கிறோமே, பயனை அவர் அனுபவிக்கிறாரே’ என்று எதிர்த்தரப்பு வழக்கறிஞர் ஒப்பந்தச் சட்டத்தின் 70-ஆம் பிரிவைக் கையில் எடுப்பார்; இலவசமாகச் செய்யாத வேலையின் பயனைப் பெற்றவர் ஈடு தர வேண்டும் என்பது அந்தப் பிரிவு. மேற்கு வங்க அரசு எதிர் பி.கே. மண்டல் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதற்குப் பதில் சொல்லியிருக்கிறது: செய்து தந்ததை ஏற்கவோ மறுக்கவோ பெறுபவருக்கு வாய்ப்பு இருந்திருக்க வேண்டும். அடித்த பெயிண்டை எப்படி மறுப்பது, சுரண்டியா கொடுப்பீர்கள்?

பணம் கட்டியது உங்கள் வழக்கைக் கெடுக்காது. கூலி தராதவரை வண்டியைப் பிடித்து வைத்துக்கொள்ளப் பழுதுபார்ப்பவருக்கு உரிமை உண்டு. ஊர் திரும்ப வேண்டியவர் வேறு என்ன செய்வார்? பில்லில் ‘ஆட்சேபத்துடன் செலுத்துகிறேன்’ என்று ஒரு வரி எழுதியிருந்தால் இன்னும் வசதியாக இருந்திருக்கும். ‘திருப்தியுடன் பெற்றுக்கொண்டேன்’ என்ற தாளில் கையெழுத்துப் போட்டிருந்தாலும் அஞ்ச வேண்டாம். கொப்புளம் கிளம்பியது பின்னால்தான்.

ஜாப் கார்டின் பின்பக்கத்தில், ‘தேவையான கூடுதல் வேலைகளைப் பணிமனை தன் முடிவுப்படி செய்யலாம்’ என்பது போன்ற பொடி எழுத்து இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், நுகர்வோர் ஆணையத்துக்கு எழுதும் மனுவில் அதை ‘நியாயமற்ற ஒப்பந்தம்’ என்று எழுதிவிடாதீர்கள். அந்தத் தலைப்பிலான புகார்கள் மாநில ஆணையத்துக்கு உரியவை. நீங்கள் போக வேண்டிய மாவட்ட ஆணையம் ‘எங்கள் வரம்பு இல்லை’ என்று திருப்பி அனுப்ப நீங்களே காரணம் எடுத்துக் கொடுத்ததாகும். ‘சேவைக் குறைபாடு’ என்று எழுதுங்கள். தெரிவிக்க வேண்டிய தகவலை வேண்டுமென்றே மறைப்பதும் அந்தச் சொல்லுக்குள் அடங்கும்; ஒரு தொலைபேசி அழைப்பில் கேட்டிருக்க வேண்டியதைக் கேட்காமல் விட்டதை அங்கே பொருத்தலாம்.

மனுவுக்கு முன் சாட்சியம். கொப்புளத்தை வேறு யாரிடமும் காட்டித் தேய்த்துவிடாதீர்கள். காலை வெயிலில் பானட்டும் ஃபெண்டரும் ஒரே படத்தில் வரும்படி எடுங்கள். பிறகு பெயிண்டின் தடிமனை அளக்கும் கருவி வைத்திருக்கும் வேறொரு பணிமனைக்கோ பழைய கார் மதிப்பீட்டாளரிடமோ போங்கள். தொழிற்சாலைப் பெயிண்ட் பொதுவாக 100 முதல் 150 மைக்ரான் வரை காட்டும். மேலே மறுபடி அடித்த இடம் அதைத் தாண்டும். கூரை, கதவுகள், பானட் ஆகியவற்றின் அளவுகளையும், சரிசெய்ய ஆகும் செலவையும் கையெழுத்துடன் வாங்கிக்கொள்ளுங்கள். நாளை காரை விற்கும்போது வாங்குபவரும் இதே கருவியை வைத்துப் பார்த்துவிட்டு ‘விபத்து வண்டியா?’ என்றுதான் கேட்பார். அந்த விலைக் குறைவையும் மதிப்பீட்டாளர் எழுதித் தந்தால் கோரலாம். எழுத்தில் இல்லாமல் கோரினால் நிற்காது. கைபேசிப் படங்களுக்கு மின்னணுப் பதிவுகளுக்கு வேண்டிய, 2023 சாட்சியச் சட்டத்தின் 63-ஆம் பிரிவுச் சான்றிதழையும் இணைத்துவிடுங்கள். நுகர்வோர் ஆணையம் அதில் அவ்வளவு கெடுபிடி காட்டாது. எதிர்த்தரப்பு காட்டும்.

அடுத்து, பதினைந்து நாள் அவகாசம் கொடுத்து ஒரு நோட்டீஸ். ஒப்புகை அட்டையுடன் விரைவு அஞ்சலில் அனுப்புங்கள், மின்னஞ்சலிலும் ஒரு படி. மரத்தில் இடித்ததாக எழுதச் சொன்னதையும் அதில் தேதியுடன் குறிப்பிடுங்கள். அந்த யோசனை வாட்ஸ்அப்பில் வந்திருந்தால் அதைவிட நல்ல சாட்சி உங்களுக்குக் கிடைக்காது. வேலை கெட்டுவிட்டது என்று அவர்களே ஒப்புக்கொண்டதாகிறது. இதற்கிடையில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணிலும் புகார் பதியலாம். சில பணிமனைகள் அதற்கே இறங்கி வருவதைப் பார்த்திருக்கிறேன்.

இறங்கி வராவிட்டால் சென்னைக்கு அலைய வேண்டாம். பழைய 1986 சட்டத்தில் எதிராளி இருக்கும் இடத்துக்கோ பிரச்சினை எழுந்த இடத்துக்கோதான் ஓட வேண்டியிருந்தது. இப்போது நீங்கள் குடியிருக்கும் திருச்சி மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே மனுச் செய்யலாம். நீங்கள் செலுத்திய தொகை ஐந்து லட்சத்துக்கு உட்பட்டதால் கட்டணம் கிடையாது. வழக்கறிஞர் இல்லாமல் நீங்களே வாதாடவும் சட்டம் இடம் தருகிறது. என் தொழிலுக்கு நட்டம் என்றாலும் சொல்லித்தான் ஆக வேண்டும். எதிர்த்தரப்பு பதில் தர முப்பது நாள், கேட்டால் இன்னும் பதினைந்து. மூன்று மாதத்தில், பரிசோதனை தேவைப்பட்டால் ஐந்து மாதத்தில் முடிக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. நடப்பில் அதைவிடக் கூடும், மனத்தைத் தயார்ப்படுத்திக்கொள்ளுங்கள்.

என்ன கோருவது? கூடுதலாக வாங்கிய 14,700 ரூபாய், கெட்ட பெயிண்டைச் சரிசெய்ய ஆகும் செலவு, மன உளைச்சலுக்கு ஒரு நியாயமான தொகை, வழக்குச் செலவு. ஐந்து லட்சம், பத்து லட்சம் என்று எழுதினால் ஆணையத்தின் பார்வையில் உங்கள் உண்மையான நட்டமும் சிறுத்துப்போகும். முதல் விசாரணையிலேயே சமரசத்துக்கு அனுப்பலாமா என்று ஆணையத்தில் கேட்பார்கள். ‘நாங்களே மறுபடி அடித்துத் தருகிறோம்’ என்பார்கள் பணிமனைக்காரர்கள்; ஒப்ப வேண்டாம். பணமாகத் தரச் சொல்லுங்கள், நீங்கள் நம்பும் இடத்தில் வேலையைச் செய்துகொள்ளுங்கள்.

வேலை நடந்து நான்கு மாதம்தான் ஆகிறது, கெடு இரண்டு ஆண்டு. ஆனாலும் நோட்டீஸை இந்த வாரமே அனுப்பிவிடுங்கள். மழைக்காலம் வந்தால் கொப்புளத்துக்கு அடியில் துரு கிளம்பும். பிறகு அது பெயிண்டின் குறையா, நீங்கள் கவனிக்காமல் விட்டதா என்று ஒரு புதிய வாதம் முளைக்கும்.