தென்னை நிழலில் ஆர்க்கிட் வைக்கலாமா?

கேள்வி: ஐயா, எங்கள் ஊர் பட்டுக்கோட்டை பக்கம். கொல்லையில் பத்துப் பன்னிரண்டு தென்னைகள் நிற்கின்றன. ஆசைப்பட்டு நர்சரியில் இரண்டு தடவை ஆர்க்கிட் வாங்கி வந்தேன். அகலமான இலை, வெள்ளைப் பூ. தினமும் தவறாமல் தண்ணீர் ஊற்றியும் இலை மஞ்சளாகி அடி அழுகிவிட்டது. வெளியிலேயே வைத்து, அதிகம் மெனக்கெடாமல் வளர்க்கிற ஆர்க்கிட் ஏதாவது உண்டா? தென்னையில் கட்டிவிட்டால் மரத்துக்குக் கெடுதலா?

பதில்: அந்தத் தினசரித் தண்ணீர்தான் செடியைக் கொன்றிருக்கிறது. நீங்கள் வாங்கியது ஃபெலனாப்சிஸ் என்று தெரிகிறது. பெரும்பாலும் அதைப் பாசியில் அடைத்து விற்பார்கள். பாசி மேலே காய்ந்து தெரியும். உள்ளே விரலை விட்டால் சொதசொதவென்று இருக்கும். வேருக்குக் காற்றில்லாமல் அழுகிவிடும். அதோடு உங்கள் ஊர்ச் சித்திரை வெயிலையும் அது தாங்காது. அதை விட்டுவிடுங்கள்.

உங்களுக்கு ஏற்றது மண்ணில் வளரும் ஆர்க்கிட். நர்சரியில் கிரவுண்ட் ஆர்க்கிட் என்று கேளுங்கள். தாவரப் பெயர் ஸ்பாத்தோகுளோட்டிஸ். பூ இல்லாதபோது பார்த்தால் மடிப்பு மடிப்பான இலையோடு தென்னம்பிள்ளை மாதிரியே இருக்கும். பக்கத்திலிருந்து இரண்டடித் தண்டு எழும்பி, கீழிருந்து மேலாக ஊதாப் பூக்கள் ஒவ்வொன்றாக விரியும். ஒரே தண்டு வாரக்கணக்கில் பூத்துக்கொண்டிருக்கும். வெள்ளை, மஞ்சள் நிறங்களிலும் கிடைக்கிறது. பூக்கடை ஆர்க்கிட்டின் பகட்டு இதில் இல்லைதான். ஆனால் கொல்லையில் நட்டு மறந்துவிட ஏற்ற ஆர்க்கிட் என்றால் நான் முதலில் சொல்வது இதைத்தான்.

தென்னைப் பாத்திக்குள் நடாதீர்கள். தண்ணீர் நிற்கும், மட்டையும் தேங்காயும் தலையில் விழும். தூரிலிருந்து ஆறடியாவது தள்ளி, காலை வெயில் மூன்று நான்கு மணி நேரம் விழும் இடமாகப் பாருங்கள். தரையிலிருந்து முக்கால் அடி உயர்த்தி மேட்டுப்பாத்தி போடுங்கள். செம்மண், மணல், மட்கிய இலை மூன்றும் சம அளவு போதும். அடியில் உள்ள குமிழைப் புதைக்கவே கூடாது. பாதியாவது வெளியே தெரிய வேண்டும். கோடையில் ஒரு நாள் விட்டு ஒரு நாள் தண்ணீர். ஐப்பசி, கார்த்திகை மழையில் குடத்தைத் தொடவே வேண்டாம். இரண்டு மாதத்துக்கு ஒரு முறை ஒரு கைப்பிடி மட்கிய தொழு உரம் போடுங்கள். இரண்டு மூன்று வருடத்தில் கொத்து நெருங்கிவிடும். அப்போது மூன்று குமிழ் சேர்ந்த துண்டுகளாகப் பிரித்து நட்டுக்கொள்ளலாம்.

கொஞ்சம் கவனிக்க முடியுமென்றால் அடுத்தது டென்ட்ரோபியம். இதற்கு மண்ணே ஆகாது. சுற்றிலும் ஓட்டையுள்ள சட்டியில் அடுப்புக்கரி, ஓட்டுத்துண்டு, உடைந்த செங்கல் போட்டு வைக்க வேண்டும். தேங்காய் மட்டைத் துண்டும் சேர்க்கலாம்தான். ஆனால் மழை அதிகம் பெய்யும் இடத்தில் அது ஈரத்தைப் பிடித்து வைத்துச் சீக்கிரம் மக்கிவிடும். நான் என்றால் கரியையே கூடுதலாகப் போடுவேன். எப்போது தண்ணீர் ஊற்றுவது என்று வேரே சொல்லிவிடும். வெள்ளி போல வெளுத்திருந்தால் ஊற்றுங்கள், பச்சையாக இருந்தால் விட்டுவிடுங்கள். தழை, மணி, சாம்பல் சத்து மூன்றும் சமமாக உள்ள 19:19:19 உரத்தை லிட்டருக்கு ஒரு கிராம் கரைத்து வாரம் ஒரு முறை தெளித்தால் போதும். இலை உதிர்ந்து சுருங்கிய பழைய தண்டுகளைக் காய்ந்துவிட்டதென்று வெட்டிவிடாதீர்கள். அதில் சேர்ந்திருக்கும் சத்து புதுத் தண்டுக்குப் போகும். சில சமயம் அதன் கணுவிலேயே மறுபடி பூவோ குட்டிச் செடியோ வரும்.

இலை கரும்பச்சையாகி, பூ வராமல் நின்றால் வெளிச்சம் போதவில்லை என்று அர்த்தம். 2018 கஜா புயலில் மரம் சாய்ந்து வெளி விழுந்த இடமென்றால் இதற்கு நேர்மாறு. மதிய வெயிலில் இலை கருகும். அங்கே 50 சதவீத நிழல்வலை கட்டிவிடுங்கள்.

தென்னையில் கட்டலாமா என்றால், தாராளமாகக் கட்டலாம். டென்ட்ரோபியமும், வாண்டா என்ற இன்னொரு ஆர்க்கிட் வகையும் மரத்தைப் பிடித்துக்கொண்டு நிற்குமே தவிர, புல்லுருவி மாதிரி சாற்றை உறிஞ்சாது. கொஞ்சம் தேங்காய் நாரை வைத்து, சணல் கயிற்றால் கட்டுங்கள். வேர் பிடித்ததும் கயிறு தானே மக்கிப் போகும். கண்ணுயரத்தில், மரம் ஏறுபவர் கால் வைக்காத பக்கமாகப் பார்த்துக் கட்டுங்கள். இல்லாவிட்டால் அடுத்த காய் வெட்டோடு செடி போய்விடும். வாண்டாவில் டெஸ்ஸலேட்டா என்ற இனம் நம் சமவெளி மரங்களிலேயே இயல்பாக வளர்கிறது. அதற்காகக் காட்டில் போய்ப் பிய்த்து வராதீர்கள். காப்புக்காட்டில் அது குற்றம், அப்படிக் கொண்டுவந்த செடி சரியாகப் பிழைப்பதும் இல்லை.

தென்னை வைத்திருப்பவர் என்பதால் ஒன்று சொல்ல வேண்டும். குருத்தழுகலுக்குப் பூசிய போர்டோ கலவை மீதி இருக்கிறதே என்று டென்ட்ரோபியத்தின் மேல் தெளித்துவிடாதீர்கள். தாமிர மருந்து அதற்கு ஆகாது, இலை கருகும். மாவுப்பூச்சி, செதில்பூச்சி வந்தால் வேப்பெண்ணெய் 5 மில்லியோடு சில சொட்டு சோப்புக் கரைசல் சேர்த்து, ஒரு லிட்டர் தண்ணீரில் கலந்து சாயங்காலம் அடியுங்கள். மழைக்காலத்தில் பெரிய எதிரி நத்தைதான். மொட்டையும் வேர் நுனியையும் ராத்திரியோடு ராத்திரியாகத் தின்றுவிடும். இருட்டியதும் டார்ச்சோடு போய்ப் பொறுக்குவதுதான் நல்ல வழி.

ஆடி, ஆவணியில் நட்டுவிட்டால் அடைமழை பிடிப்பதற்குள் வேர் ஓடிவிடும். முதலில் நான்கைந்து கிரவுண்ட் ஆர்க்கிட் மட்டும் வாங்குங்கள். டென்ட்ரோபியம் அடுத்த வருடம் பார்த்துக்கொள்ளலாம்.