மருத்துவர் பதில்கள்: குறைமாதத்தில் பிறந்த குழந்தை

குறைமாதப் பிரசவம் குறித்து வந்த கடிதங்களுக்கு மட்டும் இந்த இதழில் பச்சிளங்குழந்தை மருத்துவர் ஒருவர் பதிலளிக்கிறார். எழுதியவர்களின் பெயர்கள் தவிர்க்கப்பட்டுள்ளன.

கேள்வி: என் மனைவிக்கு 27 வயது, இது முதல் கர்ப்பம். ஆறு மாதம் வரை எந்தக் குறையும் இல்லை. அதன் பிறகு கால் வீங்கியது. கர்ப்பிணிகளுக்கு அது வழக்கம்தான் என்று வீட்டில் சொன்னார்கள். எங்கள் ஊர்ச் சுகாதாரச் செவிலியர் ரத்த அழுத்தம் பார்த்துவிட்டு, அன்றே மருத்துவமனைக்குப் போகச் சொன்னார். அங்கே 160-க்கு 110 என்று இருந்தது. சிறுநீரில் புரதமும் இருந்தது. 108 ஆம்புலன்ஸில் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அனுப்பினார்கள். ஊசிகள் போட்டு இரண்டு நாள் கவனித்தார்கள். பிறகு, குழந்தைக்குப் போகும் ரத்த ஓட்டம் குறைந்துவிட்டது என்று சொல்லி, 30-வது வாரத்திலேயே அறுவை சிகிச்சை செய்து எடுத்தார்கள். பெண் குழந்தை, எடை 1,120 கிராம். தீவிர சிகிச்சைப் பிரிவில் மூக்கில் குழாய் வைத்துக் காற்று கொடுக்கிறார்கள். பால் வயிற்றுக்குள் குழாய் வழியே போகிறது. மனைவியைப் பச்சை உடம்பு என்று அவர் தாய்வீட்டுக்கு அழைத்துப் போய்விட்டார்கள். வண்டியில் போனதால் வந்தது, பப்பாளி தின்றதால் வந்தது என்று உறவினர்கள் பேசுகிறார்கள். ஏழாம் மாதப் பிள்ளை தங்கும், எட்டாம் மாதப் பிள்ளை தங்காது என்று ஒரு பெரியவர் என் மனைவியின் காதுபடவே சொன்னார். மனைவி இப்போது யாரிடமும் பேசுவதில்லை. நான் என்ன செய்ய வேண்டும்?
— ஒரு வாசகர், திருவாரூர் மாவட்டம்

பதில்: முதலில் அந்தப் பெரியவர் சொன்னதை எடுத்துக்கொள்வோம், ஏனெனில் இப்போது உங்கள் வீட்டில் அதிகக் கேடு செய்துகொண்டிருப்பது அதுதான். எட்டாம் மாதக் குழந்தையைவிட ஏழாம் மாதக் குழந்தை பிழைக்கும் என்பது முற்றிலும் தவறு. கருப்பையில் கூடுதலாகக் கழியும் ஒவ்வொரு வாரமும் குழந்தையின் நுரையீரலையும் மூளையையும் குடலையும் முதிர்ச்சியடையச் செய்கிறது. 30 வாரத்தில் பிறந்த குழந்தைக்கு 27 வாரத்தில் பிறந்த குழந்தையைவிட வாய்ப்பு அதிகம். இதை உங்கள் மனைவியிடம் நீங்களே சொல்லுங்கள். முடிந்தால் குழந்தையைப் பார்க்கும் மருத்துவரையும் அவரிடம் நேரில் சொல்லச் சொல்லுங்கள்.

அடுத்தது, இது ஏன் வந்தது என்ற கேள்வி. உங்கள் மனைவிக்கு வந்தது கர்ப்பகால ரத்த அழுத்த நோயின் கடுமையான வடிவம். பிரீ-எக்லாம்ப்சியா என்று மருத்துவமனைச் சீட்டில் எழுதியிருப்பார்கள். நஞ்சுக்கொடி உருவாகும் தொடக்க மாதங்களில் கருப்பைச் சுவரிலுள்ள தாயின் ரத்தக் குழாய்கள் நன்றாக விரிந்து கொடுக்க வேண்டும். சிலருக்கு அவை போதிய அளவு விரிவதில்லை. அதன் விளைவு பல வாரங்கள் கழித்து, பெரும்பாலும் 20-வது வாரத்துக்குப் பிறகு, தாயின் ரத்த அழுத்தத்திலும் சிறுநீரகத்திலும் குழந்தையின் வளர்ச்சியிலும் வெளிப்படுகிறது. ஆகவே ஆறாம் மாதத்தில் வண்டியில் போனதற்கும் பப்பாளி தின்றதற்கும் இதில் பங்கு கிடையாது. நோயின் வேர் அதற்கு வெகு காலம் முன்பே இறங்கிவிட்டது. உங்கள் மனைவி செய்த எதனாலும் இது வரவில்லை, செய்யத் தவறிய எதனாலும் வரவில்லை. கால் வீக்கத்தை இயல்பு என்று விட்டுவிடாமல் அழுத்தம் பார்த்த அந்தச் செவிலியருக்கு உங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது.

இந்த நோய்க்குப் பிரசவத்தைத் தவிர வேறு தீர்வு கிடையாது. தாய்க்கு வலிப்பு வருமா, குழந்தைக்கு ரத்தம் நின்றுபோகுமா என்ற இரண்டு அபாயங்களுக்கு நடுவே, கிடைக்கும் ஓரிரு நாட்களைத்தான் மருத்துவர்கள் பயன்படுத்திக்கொள்கிறார்கள். அந்த நாட்களில் போட்ட ஊசிகளில் ஒன்று மக்னீசியம் சல்பேட்டாக இருக்கும். அது தாயை வலிப்பிலிருந்து காக்கிறது, 32 வாரத்துக்கு முன் பிறக்கும் குழந்தையின் மூளைக்கும் பாதுகாப்பு தருகிறது. இன்னொன்று ஸ்டீராய்டு. நம் அரசு மருத்துவமனைகளில் பெரும்பாலும் டெக்சாமெத்தசோன் ஊசியை 12 மணி நேரத்துக்கு ஒன்றாக நான்கு முறை போடுவார்கள். நியூசிலாந்தில் லிக்கின்ஸ், ஹோவி என்ற இருவர் 1972-இல் வெளியிட்ட ஆய்வுதான் இதற்கு அடிப்படை. தாய்க்குப் போடும் இந்த ஊசி, காற்றறைகள் ஒட்டிக்கொள்ளாமல் காக்கும் படலத்தைக் குழந்தையின் நுரையீரல் விரைந்து சுரக்கச் செய்கிறது. ஸ்டீராய்டு என்ற சொல்லைக் கேட்டு அஞ்ச வேண்டாம். உங்கள் மகள் இன்று காற்றுக் குழாயின் துணையோடு தானே மூச்சுவிடுவதில் அந்த ஊசிகளுக்குப் பங்கு உண்டு.

இந்தத் துறை எவ்வளவு மாறியிருக்கிறது என்பதற்கு ஒரு செய்தி சொல்கிறேன். 1963 ஆகஸ்டில் அமெரிக்க அதிபர் கென்னடியின் மகன் 34 வாரம் கடந்து, 2 கிலோவுக்கும் மேற்பட்ட எடையோடு பிறந்தான். அந்த நாட்டின் தலைசிறந்த மருத்துவர்கள் சூழ்ந்திருந்தும் நுரையீரல் முதிராத காரணத்தால் 39 மணி நேரத்தில் இறந்துபோனான். உங்கள் மகள் எடையில் ஏறத்தாழ அவனில் பாதி. அவளுக்குக் கிடைத்த ஸ்டீராய்டு ஊசியும் மூக்குவழிக் காற்றழுத்தமும், தேவைப்பட்டால் கொடுக்கக்கூடிய நுரையீரல் மருந்தும் அன்று உலகில் யாருக்கும் கிடைக்கவில்லை. ஆபத்து நீங்கிவிட்டது என்று நான் சொல்லமாட்டேன். கிருமித் தொற்று, குடல் அழற்சி, மூச்சு இடையிடையே நின்றுபோதல் ஆகியவை வரக்கூடிய வாரங்கள் இவை. இருந்தாலும் நம்பிக்கைக்குப் போதிய காரணம் உண்டு.

நீங்கள் செய்ய வேண்டியது என்ன என்று கேட்டிருக்கிறீர்கள். உங்கள் மனைவியைக் குழந்தையிடம் திரும்ப அழைத்து வாருங்கள். அறுவை சிகிச்சை செய்துகொண்ட உடம்புக்கு ஓய்வு தேவைதான். அந்த ஓய்வை மருத்துவமனையில் தாய்மார்களுக்கான வார்டிலோ, அருகில் ஓர் அறை எடுத்தோ கொடுக்கலாம். குழந்தையை ஓர் ஊரிலும் தாயை ஓர் ஊரிலும் வைப்பது இருவருக்கும் நல்லதன்று. குறைமாதக் குழந்தையின் குடலைப் பாதுகாப்பதில் தாய்ப்பாலுக்கு நிகராக எந்த மாவுப் பாலும் இல்லை. குழந்தை உறிஞ்சாத நிலையில் பால் வற்றாமலிருக்க, இரவு உட்பட ஒரு நாளைக்கு எட்டு முறையாவது கையாலோ பம்பாலோ பீய்ச்சி எடுக்க வேண்டும். தொடக்கத்தில் சில சொட்டுகளே வரும். அதைப் பார்த்துப் பால் இல்லை என்று வீட்டார் முடிவுகட்டிவிடக் கூடாது. இந்தக் குழந்தையின் வயிற்றுக்கு அந்தச் சில சொட்டுகள் போதும். அவை போதாத நாட்களில் பல மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் தாய்ப்பால் வங்கி இருக்கிறது, கேளுங்கள்.

பாலுக்கு இணையாக முக்கியமானது, குழந்தையைத் தாயின் வெற்று மார்பில் நிமிர்த்தி வைத்துக் கட்டிக்கொள்ளும் கங்காரு முறை. கொலம்பியாவின் பொகோட்டா நகரத்து மருத்துவமனையில் இன்குபேட்டர் பற்றாக்குறையால் தவித்த எட்கர் ரே என்ற மருத்துவர் 1978-இல் தொடங்கியது இது. வசதியில்லாதவர்களுக்கான மாற்று ஏற்பாடு என்று பலரும் நெடுநாள் அதைக் கருதினார்கள். பிறகு இந்தியாவில் டெல்லி சப்தர்ஜங் மருத்துவமனையிலும் நான்கு ஆப்பிரிக்க நாடுகளிலும், 1 கிலோவிலிருந்து 1.8 கிலோவுக்குள் பிறந்த குழந்தைகளிடம் உலக சுகாதார நிறுவனம் ஓர் ஆய்வு நடத்தியது. நிலைமை சீரான பிறகு கங்காரு முறையைத் தொடங்கிய குழந்தைகளைவிட, பிறந்தவுடனே தொடங்கிய குழந்தைகளில் இறப்பு 25 விழுக்காடு குறைவாக இருந்தது. பலன் அவ்வளவு தெளிவாகத் தெரிந்ததால் ஆய்வையே முன்கூட்டி நிறுத்தினார்கள். 2021-இல் அது வெளியானது. அடுத்த ஆண்டே, பிறந்தது முதல் நாளொன்றுக்கு 8 முதல் 24 மணி நேரம் இப்படி வைத்திருக்க வேண்டும் என்று அந்நிறுவனம் பரிந்துரைத்தது. மூக்கில் காற்றுக் குழாய் இருக்கும்போதும் செவிலியர் துணையுடன் இதைச் செய்ய முடியும். எப்போது தொடங்கலாம் என்று நாளைக்கே மருத்துவரிடம் கேளுங்கள். பச்சிளங்குழந்தைப் பிரிவுகளில் குடும்பத்தாரைப் பராமரிப்பில் சேர்த்துக்கொள்ள மத்திய அரசு 2017-இலேயே வழிகாட்டுதல் வெளியிட்டிருக்கிறது. ஆகவே தயங்க வேண்டியதில்லை. தாய் களைத்திருக்கும் நேரத்தில் உங்கள் மார்பிலும் குழந்தையை வைத்துக்கொள்ளலாம்.

இன்னும் ஒன்று. குழந்தையைப் பற்றிய கவலையில் தாயின் ரத்த அழுத்தத்தை எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். பிரசவத்துக்குப் பின்னும் அது ஏறக்கூடும். கடும் தலைவலி, பார்வை மங்குதல், மேல்வயிற்று வலி, மூச்சுத் திணறல் ஆகியவற்றில் எது வந்தாலும் உடனே அழைத்துப் போக வேண்டும். ஆறு வாரம் வரையிலாவது அழுத்தத்தைத் தொடர்ந்து பாருங்கள். அவர் பேசாமலிருப்பதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள். குழந்தை அருகிலிருந்தும் இரண்டு வாரத்துக்கு மேல் அந்த மௌனமும் தூக்கமின்மையும் நீடித்தால், அது பேறுகால மனச்சோர்வாக இருக்கலாம். அதற்கு நல்ல சிகிச்சை உண்டு. தன்னைத் தானே மாய்த்துக்கொள்ளும் பேச்சு வந்தால் ஒரு நாளும் தாமதிக்கக் கூடாது.

கேள்வி: என் பேரன் 1,700 கிராம் எடையோடு வீட்டுக்கு வந்திருக்கிறான். எங்கள் வழக்கப்படி எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டி, சாம்பிராணி காட்டி, உரை மருந்து கொடுக்கலாமா? மருமகள் எதையும் தொடவிடமாட்டேன் என்கிறாள்.
— ஒரு பாட்டி, தேனி

பதில்: அம்மா, உங்கள் மருமகள் சொல்வதில் பெரும்பகுதி சரி. சாம்பிராணிப் புகை இந்த நுரையீரலுக்கு ஆகாது. உரை மருந்து, தேன், சர்க்கரைத் தண்ணீர், கழுதைப்பால் எதுவும் வேண்டாம். மருத்துவர் எழுதிக்கொடுத்த வைட்டமின் டி சொட்டு மருந்தும், சொல்லும் நாளிலிருந்து இரும்புச்சத்து மருந்தும் தவறாமல் கொடுத்தால் போதும். மூக்கில் ஊதுவதும் எண்ணெய் விடுவதும் கூடாது. மருத்துவர் சொல்லும் எடை வரும்வரை தலைக்குக் குளிப்பாட்டாமல் ஈரத்துணியால் துடைத்தால் போதும். தேங்காய் எண்ணெயை வெதுவெதுப்பாக, அழுத்தாமல் உடம்பில் தடவலாம், அதற்குத் தடையில்லை. உங்களுக்கு இருமல் சளி இல்லாத நாட்களில், கை கழுவிவிட்டு நீங்களும் பேரனை மார்பில் கட்டிக்கொண்டு சூடு கொடுக்கலாம். மருமகள் அந்த நேரத்தில் தூங்கட்டும். சங்கில் பால் புகட்டுவதாயிருந்தால் ஒவ்வொரு முறையும் சங்கைக் கொதிநீரில் போட்டெடுங்கள். குழந்தை பால் குடிக்க மறுத்தாலும், வயிறும் பாதமும் சில்லிட்டாலும், மூச்சு விட்டுவிட்டு வந்தாலும், விலாவுக்குக் கீழே நெஞ்சு உள்வாங்கினாலும், உதடு நீலம் பாரித்தாலும், விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.

கேள்வி: 31 வாரத்தில் பிறந்த எங்கள் குழந்தைக்கு ஒரு மாதத்துக்குள் கண் பரிசோதனைக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள். கண் நன்றாகத்தான் இருக்கிறது. மருத்துவமனை வெகு தொலைவு. மூன்று மாதம் கழித்துப் போகலாமா?
— ஒரு தந்தை, தருமபுரி மாவட்டம்

பதில்: கூடாது. வெளியிலிருந்து பார்த்தால் எதுவுமே தெரியாத விழித்திரை நோய் இது. முதிராத விழித்திரையில் ரத்தக் குழாய்கள் தாறுமாறாக வளர்ந்து, விழித்திரையையே பிய்த்துவிடும். 34 வாரத்துக்கு முன்போ 2 கிலோவுக்குக் குறைவாகவோ பிறந்த குழந்தைகளுக்குப் பிறந்த 30 நாளுக்குள்ளும், மிகவும் சிறிய குழந்தைகளுக்கு அதற்கும் முன்பும், நம் நாட்டில் இந்தச் சோதனை செய்யப்பட வேண்டும். உரிய நேரத்தில் கண்டுபிடித்தால் லேசர் சிகிச்சையாலோ கண்ணுக்குள் போடும் ஊசியாலோ பெரும்பாலும் பார்வையைக் காப்பாற்றிவிடலாம். மூன்று மாதம் கழித்து வந்த குழந்தைக்குப் பல நேரங்களில் எதுவும் செய்ய முடிவதில்லை. முதல் முறை எல்லாம் சரி என்று சொன்னாலும், இனி வரவேண்டாம் என்று கண் மருத்துவரே சொல்லும்வரை ஒவ்வொரு தேதிக்கும் போங்கள். அப்படிப் போகும்போது செவித்திறன் சோதனை முடிந்துவிட்டதா என்றும் கேட்டுவிடுங்கள்.

கேள்வி: என் மகன் 29 வாரத்தில் பிறந்தான். ஏழு மாதம் ஆகிறது, இன்னும் உட்காரவில்லை. தடுப்பூசியையும் தள்ளிப் போட வேண்டுமா?
— ஒரு தாய், சேலம்

பதில்: 11 வாரம் முன்னதாகப் பிறந்தவன் என்பதால் வளர்ச்சியைக் கணிக்கும்போது அவன் வயது ஏறத்தாழ நாலரை மாதம். நாலரை மாதக் குழந்தை உட்காராதது குறையன்று; தலை நிற்கிறதா, முகம் பார்த்துச் சிரிக்கிறானா, கைகளை விரித்து எட்டிப் பிடிக்கிறானா என்று பாருங்கள். இரண்டு வயது வரை இப்படித்தான் கணக்கிட வேண்டும். தடுப்பூசிக்கு மட்டும் இந்தக் கணக்கு பொருந்தாது. அது பிறந்த தேதிப்படியே போடப்பட வேண்டும். கை கால்கள் விறைப்பாக இருந்தாலோ, ஒரு பக்கத்தை மட்டும் அசைத்தாலோ, மாவட்டத் தலைமை மருத்துவமனை அல்லது மருத்துவக் கல்லூரியிலுள்ள தொடக்கநிலை இடையீட்டு மையத்துக்கு அழைத்துப் போங்கள். அங்கே பயிற்சி இலவசம்.

கேள்வி: முதல் பிரசவம் ரத்த அழுத்தத்தால் 32 வாரத்தில் ஆனது. மறுபடியும் அப்படி ஆகுமா?
— ஒரு வாசகி, காரைக்குடி

பதில்: முதல் முறை வராதவர்களைவிட உங்களுக்கு வாய்ப்பு அதிகம், ஆனால் கட்டாயம் வரும் என்பதில்லை. இரண்டு ஆண்டாவது இடைவெளி விடுங்கள். கருத்தரிக்கும் முன்பே அழுத்தம், சர்க்கரை, சிறுநீரகம், தைராய்டு ஆகியவற்றைப் பார்த்துக்கொள்ளுங்கள். கர்ப்பம் உறுதியானதும், குறைந்த அளவு ஆஸ்பிரின் மாத்திரை தனக்குத் தேவையா என்று மருத்துவரிடம் நீங்களாகவே கேளுங்கள். 12-வது வாரத்திலிருந்து, 16-வது வாரத்துக்குள் தொடங்கினால்தான் அதன் முழுப் பலன் கிடைக்கும். ஐந்தாம் மாதத்தில்தான் மருத்துவரிடம் போவது என்ற வழக்கம் உங்களுக்குப் பொருந்தாது. கர்ப்பத்தில் இந்த நோய் வந்த பெண்களுக்குப் பிற்காலத்தில் உயர் ரத்த அழுத்தமும் இதய நோயும் வரும் வாய்ப்பு கூடுதல் என்பதால், குழந்தை வளர்ந்த பிறகும் ஆண்டுக்கு ஒரு முறை அழுத்தம் பார்ப்பதை விடவேண்டாம். முதல் பிரசவத்தின் டிஸ்சார்ஜ் சீட்டைப் பத்திரமாக வைத்திருந்து, பதிவு செய்யப் போகும் முதல் நாளே அதைக் காட்டுங்கள்.