சமுர்த்தி வந்தது, அஸ்வெசும வரவில்லை: தரகரிடம் போகலாமா?

கேள்வி: அம்மா விதவை. ஹட்டன் பக்கம் ஒரு தோட்டத்தில் மாமா குடும்பத்தோடு ஒரே லயத்தில் (தோட்டத் தொழிலாளரின் வரிசை வீட்டில்) இருக்கிறார். முன்பு இலங்கை அரசின் சமுர்த்தி உதவிப்பணம் கிடைத்தது. அதற்குப் பதிலாக வந்த அஸ்வெசும உதவிப் பட்டியலில் பெயர் இல்லை. ஐயாயிரம் ரூபாய் கொடுத்தால் சேர்த்துத் தருவதாக ஒருவர் சொல்கிறார். கொடுக்கலாமா?

பதில்: ஐந்து சதமும் கொடுக்காதீர்கள். பெயரைச் சேர்க்கும் அதிகாரம் அந்த ஆளுக்குக் கிடையாது. ஆள் சேர்த்துக் கமிஷன் எடுத்த கங்காணிமார் போன பிறகும் தோட்டத்தில் கமிஷன் மட்டும் போகவில்லை.

2023 ஜூலையில் அஸ்வெசும தொடங்கியபோது சமுர்த்திப் பட்டியலை அப்படியே எடுத்துக்கொள்ளவில்லை. வீடு, சொத்து, படிப்பு, நோய், மின்சாரப் பாவனை என்று 22 அளவுகோல்களை வைத்துப் புள்ளி போட்டார்கள். ஆகவே "சமுர்த்தி எடுத்தவர்கள், ஏழைகள்" என்று மேன்முறையீட்டில் பக்கம் பக்கமாக எழுதிப் பயனில்லை. எந்தத் தகவல் பிழையாகப் பதிவானது என்று காட்ட வேண்டும்.

எனக்கு முதல் சந்தேகம் கரண்ட் பில்லில்தான். மீட்டர் மாமா பெயரில் இருக்கும், பாவிப்பது இரண்டு குடும்பம். கணக்கெடுத்தவர் எல்லோரையும் ஒரே குடும்பமாக எழுதியிருந்தால் மாமாவின் மோட்டார் சைக்கிளும் மச்சானின் கொழும்புச் சம்பளமும் அம்மா தலையில் ஏறியிருக்கும். லயத்தில் பல காம்பராவுக்கு (அறைக்கு) ஒரே கூரை என்பது நூறு வருடத்துக்கு மேலாக ஊருக்கே தெரிந்த விஷயம். படிவம் தயாரித்தவர்களுக்கு மட்டும் தெரியவில்லை போலும்!

அம்மா தனியே சமைத்தால் அதை விளக்கமாக எழுதுங்கள்: காம்பரா தனி, அடுப்பு தனி, சாமான் வாங்கும் கடைக் கணக்கும் தனி. கிராம உத்தியோகத்தரிடம் உறுதிக் கடிதம் கேளுங்கள். பில்லின் பிரதியில் எத்தனை பேர் பாவிக்கிறார்கள் என்று குறித்து இணையுங்கள். ஆனால் உண்மையில் ஒரே பானைச் சோறு என்றால் இதை எழுத வேண்டாம். நேரில் பார்க்க வருபவர் ஒரே அடுப்பைக் கண்டால், அப்புறம் நீங்கள் சொல்லும் மற்ற உண்மையும் எடுபடாது.

தரகர் சிங்களத்தில் நிரப்பிக் கொண்டுவரும் தாளில், வாசித்துக் காட்டாமல் அம்மா கையொப்பம் இடக்கூடாது. வங்கிப் புத்தகம், ஏடிஎம் கார்டு, தொலைபேசிக்கு வரும் இரகசிய எண் எதையும் யாரிடமும் கொடுக்கக்கூடாது. காசு வந்த பிறகும் கார்டைக் கடன்காரரிடம் அடகு வைத்துவிட்டு மாதாமாதம் மீதியை வாங்கிக்கொள்பவர்கள் இருக்கிறார்கள்.

மேன்முறையீட்டுக் காலம் எப்போது என்று பிரதேச செயலகத்தில் கேளுங்கள். தமிழ்ப் படிவம் இல்லை என்றால் நகராதீர்கள், தமிழ் நிர்வாக மொழிதான். கொடுத்த மனுவின் பிரதியில் திகதி முத்திரை வாங்குங்கள். "பிறகு வாங்க" என்பார்கள், அன்றே வாங்குங்கள்.